பதிவில் அடங்காத குரல்: பாவலர் வரதராஜனும் பாடலாசிரியப் பாடகர் மரபும்

ஆய்வுச் சுருக்கம்

தாமே பாட்டெழுதித் தாமே மேடையேறிப் பாடிய கலைஞர்களுக்குத் தமிழ் இலக்கிய வரலாற்றில் உரிய இடம் அமையவில்லை. எழுத்தாக நின்ற பாடலை இலக்கிய வரலாறு எடுத்துக்கொள்கிறது. ஒலியாக நின்ற பாடலை இசை வரலாறு எடுத்துக்கொள்கிறது. இரண்டிலும் முழுமையாக நில்லாத மேடைப்பாடல் இடையில் நழுவிவிடுகிறது. கோம்பையை அடுத்த பண்ணைப்புரத்தில் தோன்றிய பாவலர் வரதராஜனை முன்னிறுத்தி, ஒலிப்பதிவை மட்டும் சான்றாகக் கொள்ளாமல் ஒரு பாடகரின் கலைவாழ்வை எவ்வாறு ஆராயலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மெட்டு, நிகழ்த்துகளம், நினைவு ஆகிய மூன்றும் பதிவின் வடிவங்களே என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்

பாடலாசிரியப் பாடகர், மேடைப்பாடல், மெட்டு, ஒலிப்பதிவு, வாய்மொழி வரலாறு, கம்பம் பள்ளத்தாக்கு, தேவிகுளம் இடைத்தேர்தல்.

முன்னுரை

ஒரு பாடகரின் கலைவாழ்வை ஆராயப் புகுவோர் முதலில் தேடுவது அவருடைய ஒலிப்பதிவுகளின் பட்டியலையே ஆகும். எந்த ஆண்டில் எந்த இசைத்தட்டு வெளிவந்தது, அதில் எத்தனை பாடல்கள் இடம்பெற்றன, யார் வெளியிட்டனர் என்னும் வினாக்களிலிருந்தே ஆய்வு தொடங்குகிறது. திரையிசைக்கும் கருநாடக இசைக்கும் இம்முறை பொருந்தும். பொதுக்கூட்ட மேடையில் பாடி, அந்த இரவோடு காற்றில் கலந்த பாடல்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றிற்குப் பட்டியல் இல்லை என்பதால் அவற்றைப் பாடியோருக்கு வரலாறு இல்லை என்று கொள்வது முறையாகுமா என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினா.

பாவலர் வரதராஜன் பொதுவுடைமை இயக்கத்தின் மேடைப் பாடகர். பாடல்களைத் தாமே இயற்றியவர். இசையமைப்பாளர் இளையராஜா, கங்கை அமரன், பாஸ்கர் ஆகியோருக்குத் தந்தைவழியில் மூத்தவர். தம்பியரின் புகழால் இவர் பெயர் தமிழகமெங்கும் அறியப்பட்டது. அதே புகழால் இவர் 'இளையராஜாவின் அண்ணன்' என்னும் ஒற்றைத் தொடரில் அடங்கியும் போனார். அத்தொடரிலிருந்து இவரைப் பிரித்தெடுத்துப் பாடலாசிரியப் பாடகர் மரபில் நிறுத்திக் காண்பது இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சியாகும்.

1. சொல்லும் பொருளும்

பாட்டை இயற்றுவோர், பாடுவோர் என்னும் பகுப்பு தமிழுக்குப் பழமையானது. சங்க இலக்கியத்தில் புலவரும் பாணரும் தனித்தனியாகவே பேசப்படுகின்றனர். கருநாடக இசைமரபு, சொல்லையும் இசையையும் ஒருவரே ஆக்கும் நிலையை 'வாக்கேயகாரர்' என்னும் சொல்லால் சிறப்பித்தது. நாட்டார் மரபிலும் அரசியல் மேடையிலும் அதே பணியைச் செய்தவர்களுக்கு அவ்வாறான சிறப்புப்பெயர் நிலைபெறவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் 'பண்ணத்தி' எனச் சுட்டும் வகை, பாட்டும் பண்ணும் பிரியாத வழக்கினைக் குறிப்பது. ஆயினும் அது பாடலின் பெயரேயன்றிப் பாடுவோரின் பெயரன்று.

இன்று 'சுயாதீன இசைக்கலைஞர்' என்னும் தொடர் வழக்கில் உள்ளது. திரைப்படத்தையும் பெரிய இசை நிறுவனத்தையும் சாராமல் பாடல் ஆக்குவோரை இது குறிக்கிறது. இப்பொருளில் பார்த்தால் பாவலர் வரதராஜன் சுயாதீனர். அவருக்கு இசை நிறுவனம் இல்லை, தயாரிப்பாளர் இல்லை, கேட்போருக்கு நுழைவுச்சீட்டும் இல்லை. ஆனால் அவருக்கு ஓர் இயக்கம் இருந்தது. மேடை அந்த இயக்கத்தினுடையது. ஆகவே சுயாதீனம் என்பது எதையும் சாராமை அன்று. எதைச் சார்ந்திருப்பது என்பதில் உள்ள வேறுபாடே ஆகும். இதனால் இக்கட்டுரை 'சுயாதீனர்' என்பதைத் தவிர்த்து, 'பாடலாசிரியப் பாடகர்' என்னும் பணிசார்ந்த பெயரையே கையாள்கிறது.

2. நிலமும் பாடலும்

கோம்பையும் பண்ணைப்புரமும் இன்றைய தேனி மாவட்டத்து உத்தமபாளையம் வட்டத்தில் அடுத்தடுத்து அமைந்த பேரூர்கள். தேனி 1996இல் தனி மாவட்டம் ஆகும்வரை இப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கிழக்கே 1895இல் கட்டிமுடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால் செழித்த வயல்கள். மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை. மலைக்கு அப்பால் ஏலத் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும். இம்மலைகளைக் கடக்கும் வழிகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு என்றே வழங்குகின்றன. கோம்பைக்கு மேலே எல்லையில் நிற்பது இராமக்கல்மெட்டு. மலையின் ஏற்றத்தைக் குறிக்கும் 'மெட்டு' என்னும் சொல் வேறு. பாட்டின் இசையமைப்பைக் குறிக்கும் 'மெட்டு' வேறு. ஆயினும் இப்பகுதியில் பாட்டு மெட்டுகள் ஏறி இறங்கிய வழிகள் மலைமெட்டுகளே என்பது கருதத்தக்கது.

பள்ளத்தாக்கின் உழைப்பாளர் தோட்ட வேலைக்கு மலையேறுவது தலைமுறைகளாகத் தொடரும் வாழ்க்கைமுறை. அவர்களோடு தெம்மாங்கும் கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் மலையேறின. 1956இல் மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்பட்டபோது தமிழ் பேசும் தொழிலாளர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு சேர்ந்தன. எல்லைக்கோடு மலையின் மேல் விழுந்தது. உறவும் வேலையும் பாட்டும் கோட்டின் இருபுறமும் நீடித்தன. பாவலரின் மேடை இவ்விரு நிலங்களையும் இணைத்தது. பள்ளத்தாக்கின் வழக்குச்சொல்லே தோட்டத் தொழிலாளியின் வீட்டுச்சொல்லும் ஆதலால், கோம்பையில் புரிந்த பாட்டு மூணாற்றிலும் புரிந்தது.

3. தேவிகுளம், 1958

பாவலரின் கலைவாழ்வில் காலமும் களமும் தெளிவாகத் தெரியும் நிகழ்வு 1958ஆம் ஆண்டின் தேவிகுளம் இடைத்தேர்தல் ஆகும். 1957 ஏப்ரலில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கேரளத்தில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சி அமைத்தது. 126 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் கட்சிக்கு 60 இடங்களே இருந்தன. சுயேச்சைகள் ஐவரின் ஆதரவுடன் ஆட்சி நடந்தது. இந்நிலையில் தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸ் அவர்களின் தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. எதிர்வேட்பாளரின் வேட்புமனு முறையின்றித் தள்ளப்பட்டது என்பது காரணம். மறுதேர்தல் ஓர் உறுப்பினரைப் பற்றியது மட்டுமன்று. மெல்லிய பெரும்பான்மையில் நின்ற ஓர் ஆட்சியின் உறுதியைப் பற்றியதும் ஆகும்.

வாக்காளரில் பெரும்பகுதியினர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர். எழுத்தறிவு பரவாத காலத்தில் துண்டறிக்கையைவிடப் பாட்டு தொலைவு சென்றது. வரதராஜன் தம் குழுவுடன் தோட்டப் பகுதிகளில் பாடினார். காங்கிரசின் அந்நாளைய சின்னம் நுகத்தடியில் பூட்டிய இரட்டைக் காளை. உழவர்க்கும் தொழிலாளர்க்கும் நன்கு அறிமுகமான அவ்வுருவத்தையே எள்ளலுக்குரிய பாத்திரமாக அவர் தம் பாட்டில் மாற்றினார். சின்னத்தைப் பார்த்து வாக்களிக்க வேண்டிய மக்களுக்கு, அச்சின்னத்தையே வேறு கண்ணால் காணச் செய்தது இவ்வுத்தி. தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார்.

இவ்வெற்றிக்குப் பாவலரின் பாட்டே காரணம் என முதலமைச்சரே மேடையில் பாராட்டினார் என்பது இளையராஜா பலமுறை நினைவுகூர்ந்துள்ள செய்தி. இதனை ஒரு குடும்பத்தார் வழிவந்த சான்றாக ஏற்று, அக்காலச் செய்தித்தாள்களோடும் கட்சி ஏடுகளோடும் ஒப்பிடுதல் ஆய்வுநெறி. ஒரு பாட்டு ஒரு தேர்தலை வென்றது என நிறுவுவது கடினம். நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. ஒரு பாடகரின் பணி அரசியலின் கணக்கில் இடம்பெறத்தக்கது எனக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதே இச்சான்று உணர்த்தும் உண்மை.

4. மெட்டே பதிவு

பாவலர் மக்கள் அறிந்த திரைப்பட மெட்டுகளையும் நாட்டார் மெட்டுகளையும் எடுத்து, அவற்றில் புதிய சொற்களை அமைத்துப் பாடினார். இதனைத் தழுவல் என்றும் போலி என்றும் குறைத்துக் கூறுவது மரபறியாமை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பாட்டுப் புத்தகங்களில் பாடலின் தலைப்பில் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்னும் குறிப்பு இடம்பெறுவது வழக்கம். பாரதியாரும் தம் பாடல்கள் சிலவற்றிற்குக் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திர மெட்டுகளைக் குறித்துள்ளார். அறிந்த மெட்டில் அறியாத செய்தியை வைப்பது பொதுமக்களை நோக்கிய பாட்டின் நெடுநாள் நெறி.

இம்முறையின் பயன்கள் இரண்டு. முதலாவது, கேட்போர் உடனே சேர்ந்து பாட முடியும். மெட்டு முன்பே நெஞ்சில் இருப்பதால் சொல்லை மட்டும் ஏற்றால் போதும். இரண்டாவது, பாட்டு இசைக்கருவியோ இசைக்குறியீடோ இன்றி நினைவில் தங்கும். தாளில் நான்கு அடியும் மேலே ஒரு மெட்டுக் குறிப்பும் இருந்தால், ஐம்பது ஆண்டு கழித்தும் ஒருவர் அப்பாட்டைப் பாடிவிடலாம். அவ்வகையில் மெட்டுக் குறிப்பு ஏழைக் கலைஞரின் ஒலிப்பதிவு எனலாம்.

ஆய்வாளருக்கு இதனால் மற்றொரு வாய்ப்பும் கிட்டுகிறது. திரைப்பட மெட்டில் அமைந்த மேடைப்பாடல், அப்படம் வெளிவருவதற்கு முன் தோன்றியிருக்க இயலாது. மெட்டின் மூலத்தை அறிந்தால் பாடலின் காலத்திற்கு ஓர் எல்லை வகுக்கலாம். பாட்டில் இடம்பெறும் சின்னம், விலைவாசி, அமைச்சர் பெயர் முதலிய அகச்சான்றுகள் மற்றோர் எல்லையைக் காட்டும். தேதியற்ற மேடைப்பாடல்களைக் காலவரிசைப்படுத்த இதனினும் உறுதியான வழி அரிது.

நிகழ்த்துமுறையும் கருதத்தக்கது. சிறுவன் இராசையா, பிற்காலத்து இளையராஜா, 1943இல் பிறந்தவர். பதினான்காம் வயதளவில் அண்ணனின் குழுவிற் சேர்ந்தார். தொடக்கத்தில் பெண்குரலில் பாடியதையும், குரல் மாறிய பின் ஆர்மோனியத்திற்கு வந்ததையும் அவரே கூறியுள்ளார். பெண்குரல் தேவைப்பட்டது என்பதால் மேடைப்பாடல்கள் தனியொருவர் பாடியவை மட்டும் அல்ல, உரையாடல் அமைப்புடையனவும் இருந்தன எனக் கொள்ளலாம். ஆணும் பெண்ணும் கேள்வியும் மறுமொழியுமாகப் பாடும் தெருக்கூத்து, தெம்மாங்கு மரபுகளின் தொடர்ச்சி இது. பாட்டின் எழுத்துவடிவம் மட்டும் கிடைத்தால் இவ்வமைப்பு மறைந்துபோகும்.

5. இசைத்தட்டுக்கும் ஒலிநாடாவுக்கும் இடையில்

பாவலரின் புகழ் இசைத்தட்டுகளால் ஏற்பட்டதன்று, மேடைகளால் ஏற்பட்டது. இதற்கு அவர் வாழ்ந்த காலமும் ஒரு காரணம். விடுதலைப் போராட்டக் காலத்தில் மதுகவி பாஸ்கரதாஸ் போன்ற நாடகப் பாடலாசிரியர்களின் தேசியப் பாடல்கள் கிராமபோன் தட்டுகளில் ஏறின. கே.பி. சுந்தராம்பாள் போன்ற நாடகக் கலைஞர்களின் குரலில் அவை வீடுகளையும் தேநீர்க்கடைகளையும் அடைந்தன. நாடகமும் இசைத்தட்டும் அரசியலைப் பரப்பிய வரலாற்றைச் சு. தியடோர் பாஸ்கரனின் ஆய்வுகள் விரிவாகக் காட்டியுள்ளன. பேசும்படம் வந்தபின் இசைத்தட்டுச் சந்தையைத் திரைப்பாடல் கைக்கொண்டது. அரசியல் மேடைக்கு மிஞ்சியது ஒலிபெருக்கி. அது குரலைப் பெருக்கிற்று, ஆனால் காக்கவில்லை.

1963இல் அறிமுகமான சிற்றொலிநாடா எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் இந்தியாவில் பெருகிய பின்னரே இந்நிலை மாறியது. குறைந்த செலவில் எவரும் பதிந்து படியெடுத்துப் பரப்பலாம் என்பதால் வட்டார இசையும் எதிர்ப்பிசையும் புத்துயிர் பெற்றதைப் பீட்டர் மானுவல் 1993இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார். தமிழகத்தில் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடல் கே.ஏ. குணசேகரனின் குரலில் ஊரூராகப் பரவியது. மக்கள் கலை இலக்கியக் கழகமும் ஒலிநாடாக்களை வெளியிட்டது. கிராமபோனில் நாடகக் கலைஞரின் குரல் நின்றது. ஒலிநாடாவில் எண்பதுகளின் எழுச்சிப் பாடகரின் குரல் நின்றது. பாவலர் செயற்பட்ட ஐம்பதுகளும் அறுபதுகளும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளி. அத்தலைமுறை மேடைப்பாடகரின் மௌனம் திறமைக் குறைவின் விளைவன்று. கருவியின் வரலாற்றில் நேர்ந்த இடைவெளியின் விளைவு. ஒலிப்பதிவை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் இசை வரலாறு இந்த இடைவெளியையே தன் தீர்ப்பாக மாற்றிவிடுகிறது.

6. அண்ணனிலிருந்து தம்பிக்கு

பாவலரின் குழு சகோதரர்களுக்குப் பயிற்சிக்களமாக விளங்கியது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் இளையராஜா அக்குழுவுடன் ஊர்கள்தோறும் இசைத்தார். 1964இல் ஜவாஹர்லால் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு இசையமைத்தது அவருடைய முதல் இசையாக்கமாகக் குறிக்கப்படுகிறது. இங்கு ஒரு திசைமாற்றம் தெரிகிறது. அண்ணன் இருந்த மெட்டுக்குச் சொல் அமைத்தார். தம்பி இருந்த சொல்லுக்கு மெட்டு அமைத்தார். ஒரே மேடையில் நிகழ்ந்த இம்மாற்றமே பாடலாசிரியப் பாடகர் மரபிலிருந்து இசையமைப்பாளர் ஒருவர் கிளைத்த இடமாகும்.

1968இல் இளையராஜா சென்னை சேர்ந்தார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது அதைக் கேட்கப் பாவலர் இல்லை. 'அலைகள் ஓய்வதில்லை' (1981) முதலிய படங்களைத் தயாரித்த குடும்ப நிறுவனத்திற்குப் 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று பெயரிடப்பட்டது. எந்தத் திரையிசையின் மெட்டுகளைப் பாவலர் மேடைக்குக் கொணர்ந்தாரோ, அத்திரையுலகிலேயே அவர் பெயர் நிறுவனப் பெயராக நின்றது. பெயர் நின்றது, பாட்டு அதே அளவில் நிற்கவில்லை.

சான்றின் சிக்கலும் இங்கேயே உள்ளது. பாவலரைப் பற்றிப் பொதுவெளியில் உலவும் செய்திகளிற் பெரும்பாலானவை தம்பியரின் நினைவுகள். அவை அன்பும் நன்றியும் கலந்தவை, மதிப்புடையவை. எனினும் ஒரு மேடைக்கலைஞரின் மறுபாதி கேட்போர் ஆவர். தோட்ட லயத்தின் முன் நின்று கேட்ட தொழிலாளி எந்த அடியை முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்பினார், எந்தப் பாட்டு திருமண வீட்டிலும் நாற்று நடவிலும் உருமாறிப் புகுந்தது என்பவற்றைக் கேட்டோரே சொல்ல முடியும். 1958இல் பதினைந்து வயதினராக இருந்தவர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார். இச்சான்று மிக விரைவில் கிட்டாமற்போகும்.

7. பதிவு காக்கும், பெயரைக் காக்குமா?

இன்றைய பாடலாசிரியப் பாடகர்களுக்குப் பதிவு ஒரு தடையன்று. 2015இல் மதுக்கடைகளை எதிர்த்துப் பாடிய கோவன் கைது செய்யப்பட்டபோது, அப்பாடல் இணையத்தில் முன்னினும் மிகுதியாகப் பரவியது. அறிவு எழுதிப் பாடிய 'தெருக்குரல்' 2019இல் வெளிவந்தது. 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் கேட்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் நினைவிலிருந்து அறிவு அப்பாடலை உருவாக்கினார். தேவிகுளத்துத் தோட்டங்களில் பாவலர் பாடிய பாட்டுக்கும் இதற்கும் வரலாற்று உறவு ஒன்றுண்டு: இரண்டும் மலைத்தோட்டத் தமிழ் உழைப்பாளரை மையமாகக் கொண்டவை.

ஆனால் அப்பாடலைக் கொண்டாடிய ஓர் இசை இதழின் அட்டையில் அறிவின் உருவம் இடம்பெறாதது 2021இல் கடும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. 2022இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்கவிழாவில் அவர் இன்றி அப்பாடல் நிகழ்த்தப்பட்டபோது ஆக்கவுரிமை பற்றிய வினா மீண்டும் எழுந்தது. இவற்றிலிருந்து பெறத்தக்க முடிவு தெளிவு. ஒலி முழுமையாகப் பதிவாகிய காலத்திலும், யார் சொல், யார் மெட்டு, யார் நினைவு என்னும் வினா தானே தீர்வதில்லை. பாவலருக்குப் பெயர் நின்று குரல் மறைந்தது. இன்றைய கலைஞருக்குக் குரல் நின்றும் பெயருக்குப் போராட வேண்டியுள்ளது. இரண்டிற்கும் மருந்து ஒன்றே: பாட்டோடு அதன் ஆக்கச் சூழலையும் சேர்த்துப் பதிவு செய்தல்.

முடிவுரை

பாடலாசிரியப் பாடகரை ஆராய ஒலிப்பதிவு ஒரு சான்று. ஒரே சான்று அன்று. மெட்டுக் குறிப்பு, நிகழ்த்துகளம், கேட்டோர் நினைவு ஆகியனவும் பதிவுகளே. இவ்வடிப்படையில் கம்பம் பள்ளத்தாக்கிலும் இடுக்கி மலைப்பகுதியிலும் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணிகள் நான்கு.

முதலாவது, கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், போடி வட்டாரங்களிலும் மூணாறு, தேவிகுளம் தோட்டங்களிலும் மூத்தோரிடம் பாடல்களைப் பாடச்செய்து, ஊரும் நாளும் சூழலும் குறித்துப் பதிவு செய்தல். இரண்டாவது, ஒரு பாடலுக்குப் பல வடிவங்கள் கிடைத்தால் ஒன்றைச் சரியென்று தேர்ந்து மற்றவற்றைத் தள்ளாமல் எல்லாவற்றையும் பாடவேறுபாடுகளாகக் காத்தல். மூன்றாவது, மெட்டு மூலங்களை அடையாளங்கண்டு மேடைப்பாடல்களின் மெட்டு அடைவு ஒன்றைத் தொகுத்தல். நான்காவது, 'ஜனசக்தி', 'தீக்கதிர்' முதலிய ஏடுகளின் கூட்ட அறிவிப்புகளோடும் தேர்தல் ஆவணங்களோடும் வாய்மொழிச் சான்றுகளை ஒப்பிடுதல்.

ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊரூராக அலைந்த பதிப்பாசிரியர்களின் உழைப்பால் சங்க இலக்கியம் நமக்குக் கிடைத்தது. அவர்கள் செல்லரித்த ஓலையோடு போட்டியிட்டனர். மேடைப்பாடலைத் தேடும் ஆய்வாளர் முதுமையோடு போட்டியிட வேண்டியவர். ஓலையின் ஒரு படி அழிந்தால் வேறோர் ஊரில் மற்றொரு படி கிடைத்தலும் உண்டு. கேட்டோரின் நினைவுக்கு அவ்வாறு மறுபடி இல்லை. ஆதலால் இந்நான்கு பணிகளுள் முதற்பணியை மற்றவற்றிற்காகக் காத்திராமல் தொடங்குதல் வேண்டும்.